பூரத்தில் பிறந்த மகளுக்குக் 'கோதை' என்று பெயர் வைக்கலாமா?

பல்லடத்து அப்பா:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு முதல் குழந்தை, பெண். பிறந்து இன்றோடு 19 நாள். பூரம் நட்சத்திரம். பிறப்பைப் பதிவு செய்துவிட்டோம்; பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

என் மனைவிக்கு ஆறாவது மாதத்திலிருந்தே ஒரே பெயர்தான் மனதில் இருந்தது: கோதை. அவளுடைய அம்மாச்சி மார்கழி மாதம் முழுவதும் விடியலில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே நாளுக்கொரு திருப்பாவைப் பாட்டைச் சொல்வாராம். எழுதப் படிக்கத் தெரியாதவர், எல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம். கடைசிப் பாட்டில் 'பட்டர்பிரான் கோதை சொன்ன' என்ற இடம் வரும்போது கோலமாவு எடுத்த கை அப்படியே நின்றுவிடும், அந்த வரியை இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் அடுத்த இழை போடுவார் என்று மனைவி சொல்கிறாள். அம்மாச்சி போன ஆவணியில் தவறிவிட்டார்.

எனக்கும் அந்தப் பெயர் பிடித்துவிட்டது. ஆனால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. என் அம்மா, "கிழவி பெயர் மாதிரி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள்" என்கிறார். பெரியப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, பூரத்துக்கு மோ, டா, டி, டு என்ற எழுத்துகளில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மைத்துனர் ஓர் அகராதியைப் புரட்டி, 'கோதை என்றால் உடும்பு' என்று போட்டிருந்த பக்கத்தைப் படம்பிடித்துக் குடும்பத்தார் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்றிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. என்னோடு வேலை பார்க்கும் நண்பர், அது தமிழ்ப் பெயரே இல்லை, 'கோதா' என்ற வடமொழிப் பெயர்தான் அப்படி ஆகிவிட்டது என்கிறார். இதற்கெல்லாம் மேல், நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். பெருமாள் கோயில் பெயரை நாங்கள் வைப்பது பொருந்துமா என்ற கேள்வியும் வந்துவிட்டது.

எனக்குத் தமிழ் இலக்கியம் பெரிதாகத் தெரியாது. தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பொருள் சரியில்லை என்றால் வேறு பெயர் தேடுகிறோம். சரியென்றால் யார் சொன்னாலும் மாற்றுவதாக இல்லை.

ஆத்தூர்க்காரர்:

பெயரின் பொருளைத் தமிழ் படித்தவர்கள் சொல்லட்டும். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அவசரப்படாதீர்கள். 21 நாட்களுக்குள் பதிய வேண்டியது பிறப்பைத்தான். அதை நீங்கள் முடித்துவிட்டீர்கள். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமலே சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் ஒரு முறை ஏறிய பெயரை மாற்றுவது பெரிய அலைச்சல். வீட்டில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்த பிறகு போங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஸ்ரீவில்லிபுத்தூர்:

தம்பி, முதலில் உங்கள் மனைவியைச் சாப்பிடச் சொல்லுங்கள். பச்சை உடம்பு, பால் கொடுக்கிற நேரம். உடும்புக்கு நான் பதில் சொல்கிறேன்.

என் பெயரும் கோதைதான். 68 ஆண்டுகளாக இந்தப் பெயரோடு வாழ்கிறேன். அதில் 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைத்துனர் பார்த்த அகராதி பொய் சொல்லவில்லை. வடமொழியில் உடும்புக்கு ஒரு பெயர் 'கோதா'. வில்லாளிகள் நாண் உரசாமலிருக்கக் கையில் கட்டும் தோலுறைக்கும் அதே சொல். சபா என்பது சபை ஆனதுபோல, சீதா என்பது சீதை ஆனதுபோல, அந்தக் கோதாவும் தமிழில் எழுதும்போது 'கோதை' ஆயிற்று. அகராதிக்காரர் எழுத்து ஒன்றாக இருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்திப்பொழுதும் மாலைதான், கழுத்தில் விழுவதும் மாலைதான்; கல்யாணத்தில் மாலை மாற்றும்போது யாரும் சாயங்காலத்தை நினைப்பதில்லை. அதைப்போல உடும்பின் பெயர் வேறு சொல். உங்கள் மகளுக்கு வைக்கப்போகும் சொல் வேறு.

அந்தச் சொல் 'கோத்தல்' என்பதோடு உறவுடையது. என் அம்மா பூக்கட்டிக் குடும்பம் நடத்தியவர். எங்கள் வீட்டில் தொடுப்பது வேறு, கோப்பது வேறு. தொடுக்க ஊசி வேண்டாம். வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் மெல்லிய இழையாகக் கிழித்து, மல்லிகையை இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவோம். கோப்பதென்றால் சம்பங்கி மாதிரிப் பூ. நீள ஊசியில் நூலைப் போட்டுப் பூவின் நடுவே விட்டு இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் காம்பு பிளந்துவிடும். அம்மா ஒரு கையில் ஏழெட்டுப் பூவை வரிசையாகப் பிடித்து ஒரே தள்ளில் ஊசியை விடுவார். ஒரு பூகூடக் கசங்காது. அப்படிக் கோத்தெடுத்ததுதான் கோதை. பழைய பாட்டுகளில் ஆணின் மார்பில் பெரும்பாலும் தார் இருக்கும், தலையில் கண்ணி இருக்கும், பெண்ணுக்குக் கோதை. மாலைக்கு ஆன பெயர் மாலை சூடியவளுக்கும் ஆகி, கோதை என்றாலே பெண் என்று பொருள் விரிந்தது.

இன்னொரு பொருளும் உண்டு: கூந்தல். இதை வகுப்பில் சொல்லாத ஆண்டே கிடையாது. பெரியாழ்வார் பெருமாளுக்குக் கட்டிவைத்த மாலையை மகள் எடுத்துச் சூடி அழகு பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் வைத்தாள் அல்லவா? ஒருநாள் அந்த மாலையில் ஒரு தலைமுடி கிடந்ததைக் கண்டுதான் அப்பா துணுக்குற்றார் என்று எங்கள் ஊரில் கதை சொல்வார்கள். பூமாலையும் கோதை, அதில் சிக்கிய கூந்தலும் கோதை, சூடிய பெண்ணும் கோதை. அந்தக் கதை முழுவதும் இந்த இரண்டெழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதைச் சொல்லும்போது முன் பெஞ்சிலிருக்கும் பெண்பிள்ளைகள் தம்மை அறியாமல் தங்கள் சடையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கைகளைப் பார்ப்பதற்காகவே நான் அந்தப் பாடத்துக்குக் காத்திருப்பேன்.

வடமொழிப் பெயர் என்று சொன்ன நண்பரிடம் புறநானூற்றின் 48ஆம் பாட்டைக் காட்டுங்கள். சேரமான் கோக்கோதை மார்பனைப் பொய்கையார் பாடியது.

*கோதை மார்பிற் கோதை யானும்*
*கோதையைப் புணர்ந்தோர் கோதை யானும்*
*மாக்கழி மலர்ந்த நெய்த லானும்*
*கள்நா றும்மே கானலந் தொண்டி*

முதல் இரண்டு வரிக்குள் நான்கு கோதை. கோதை என்னும் அரசனின் மார்பில் கிடக்கும் மாலையாலும், அந்தக் கோதையைத் தழுவிய பெண்களின் மாலையாலும், கழியில் பூத்த நெய்தலாலும் தொண்டிப் பட்டினமே தேன் மணக்கிறதாம். அரசனின் பெயரும் அதுவே, மாலையும் அதுவே. ஆம், தம்பி, அந்தக் காலத்தில் இது ஆண்களும் தாங்கிய பெயர். கரூரில் அமராவதி ஆற்றில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அரசன் தலைக்கு மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்றே பொறித்திருக்கிறது. கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற சேரன் தன் மனைவி இறந்தபோது பாடியது புறநானூற்றில் 245ஆம் பாட்டு. அவளைச் சுடுகாட்டு நெருப்பில் கிடத்திவிட்டு வந்த பிறகும் நான் உயிரோடுதானே இருக்கிறேன், என் துயரம் எவ்வளவு பெரிதாக இருந்தும் என்ன, என் உயிரைப் பறிக்கும் வலிமை அதற்கு இல்லையே என்று அழுகிறான். அதைப் படித்துவிட்டு ஒரு மாணவன் என்னிடம் வந்து, "டீச்சர், உங்கள் பெயர்தான் அவருக்கும்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டுதான் அவன் தன் அம்மாவைப் பறிகொடுத்திருந்தான்.

முருகனைக் கும்பிடும் வீடு என்று தயங்குகிறீர்கள். அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான சேரமான் பெருமாளைப் பெரியபுராணம் பெருமாக்கோதையார் என்று அழைக்கிறது. சுந்தரரின் தோழர். சிவனடியாருக்குப் பொருந்திய பெயர் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போகாது.

பெரியப்பாவுக்கு மரியாதையோடு இதைச் சொல்லுங்கள். ஆண்டாள் பிறந்தது ஆடிப் பூரம். உங்கள் மகளின் நட்சத்திரமேதான். துளசிச் செடியடியில் கண்டெடுத்த அந்தப் பூரத்துப் பெண்ணுக்குப் பெரியாழ்வார் மோ, டா, டி, டு என்று தேடவில்லை. கோதை என்றுதான் வைத்தார். டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் வகுத்த வழக்கு. அந்த எழுத்துகளில் தமிழ்ப் பெயர் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

எனக்கு இந்தப் பெயர்மீது உள்ள பற்றுக்கு ஆழமான காரணம் வேறு. ஆண்டாள் என்பது பின்னால் மற்றவர்கள் வழங்கிய பெயர். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாட்டில் அவள் ஓரிடத்திலும் தன்னை ஆண்டாள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'பட்டர்பிரான் கோதை', 'விட்டுசித்தன் கோதை' என்றுதான் சொல்கிறாள். அப்பாவின் பெயரும் தன் பெயரும். உங்கள் மனைவியின் அம்மாச்சி கோலமாவை நிறுத்திவிட்டு இரண்டு முறை சொன்னாரே, அது ஒரு பெண் தான் எழுதியதற்குக் கீழே போட்ட கையெழுத்து. எழுத்தறியாத அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. 'இது நான் சொன்ன தமிழ்மாலை' என்று ஒரு பெண் பெயர் சொல்லி நிற்பது எவ்வளவு பெரிய காரியம்!

கிழவி பெயர் என்கிறார் உங்கள் அம்மா. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் வகுப்புக்கு ஒரு கோதையோ ஆண்டாளோ நாச்சியாரோ கட்டாயம் இருப்பாள். கோதைநாயகி, பூங்கோதை என்று நீட்டி வைப்பவர்களும் உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாளை (1901-1960) உங்கள் அம்மாவின் தலைமுறைக்குத் தெரிந்திருக்கும். 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதியவர். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் என் வருகைப் பதிவேட்டில் ஒரு கோதைகூட இல்லை. எல்லாம் 'ஸ்ரீ'யில் முடியும் பெயர்கள். ஒரே வகுப்பில் மூன்று ஹரிணி இருந்ததால் முதலெழுத்தைச் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருந்தது. உங்கள் மகளுக்கு அந்தத் தொல்லை இருக்காது.

போன ஆடிப்பூரத் தேரன்று ரத வீதியில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "கோதை, ஓடாதே, நில்!" என் அம்மா போன பிறகு என்னை அப்படி அதட்டியவர் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மூன்று வயதிருக்கும் ஒரு சின்னப் பெண், பட்டுப்பாவாடை, ஒரு கையில் பலூன், ஒரு கால் கொலுசைக் காணவில்லை. நானும் நின்றேன், அவளும் நின்றாள்.

ஸ்ரீரங்கத்து அடியேன்:

டீச்சர் எழுதியதைக் கண்ணீரோடு படித்தேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். சேரனின் காசும் புறநானூறும் பெருமைதான். ஆனால் மாக்கோதை என்ற பெயரை இன்று எந்த வீட்டிலும் வைப்பதில்லை. கோதை மட்டும் உயிரோடு இருக்கிறதென்றால், அது அவள் ஒருத்தியால்தான். சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அணிவது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகும் அவள் சூடிக்களைந்த மாலை. புரட்டாசியில் திருமலைக் கருட சேவைக்கும் அவள் மாலை போகிறது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக அவள் பாட்டுத்தான் ஒலிக்கிறது. அவள் இடக்கையிலிருக்கும் கிளியை இலையும் பூவும் கொண்டு நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. இவ்வளவும் நடப்பதால்தான் நாம் அந்தப் பெயரைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறோம். குழந்தைக்கு விவரம் தெரியும்போது ஆண்டாள் கதையை முதலில் சொல்லுங்கள், சேரனைப் பிறகு சொல்லலாம்.

நெல்லூர்த் தமிழன்:

'கோதா' பற்றி. நான் மூன்று தலைமுறையாகத் தெலுங்கு நாட்டில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். இங்கே ஆண்டாளைக் கோதாதேவி என்பார்கள். போகிப் பண்டிகையன்று கோயில்களில் கோதா கல்யாணம் நடக்கும்; தெலுங்குக்காரர்கள் திருப்பாவையைத் தமிழிலேயே பாடுவார்கள். கிருஷ்ணதேவராயர் அவள் கதையைத்தான் 'ஆமுக்தமால்யதா' என்று தெலுங்கில் காவியமாக்கினார். வேதாந்த தேசிகர் வடமொழியில் அவள்மீது 'கோதா ஸ்துதி' பாடியிருக்கிறார், 29 சுலோகம். அவள் பாட்டில் 'கோதை'. அவளைப் பின்னால் வடமொழியில் பாடியவர்களிடம் 'கோதா'. எது எதிலிருந்து போயிற்று என்பதை நண்பருக்குச் சொல்லிவிடுங்கள்.

குலசேகரத்திலிருந்து:

எங்கள் ஊரில் கோதை ஓர் ஆறு. கோதையாறு. பேச்சிப்பாறையில் 1906இல் கட்டி முடித்த அணை அதன் குறுக்கேதான் இருக்கிறது. திற்பரப்பில் அருவியாக விழுவதும் அதே ஆறுதான். சேர நாட்டு அரசர்களின் பெயரா, காட்டுக்குள் மாலைபோல் வளைந்து வருவதால் வந்த பெயரா என்று ஊரில் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு அது குடிக்கிற தண்ணீர், வயலுக்குப் போகிற தண்ணீர். பெண்பிள்ளைக்கு ஆற்றின் பெயர் கிடைத்தால் நல்லதுதானே? ஒரு தடவை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாரல் காலத்தில் வந்தால் நன்றாக இருக்கும்.

பல்லடத்து அப்பா:

அனைவருக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. டீச்சர் எழுதியதை நேற்று இரவு என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கையெழுத்து என்ற இடம் வந்ததும் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே இரண்டு தோசை சாப்பிட்டாள். அம்மா அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "அந்தக் கோதைநாயகி கதையெல்லாம் என் பெரியம்மா வைத்திருந்தார்" என்றார். அதற்கு மேல் எதிர்த்துப் பேசவில்லை. பெரியப்பாவிடம் ஆடிப்பூரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பூரத்துக்குப் பூரம், வை" என்றார்.

டீச்சர், கடைசியாக ஒன்று. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? 'டி' (D) போடுவதா, 'டி-எச்' (DH) போடுவதா, 'டீ-எச்' (TH) போடுவதா? நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஸ்ரீவில்லிபுத்தூர்:

நல்லது தம்பி. மனம் நிறைந்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆங்கில எழுத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், நீங்கள் படாமலிருக்க. என் அப்பா 'கே, ஓ, டி, ஏ, ஐ' (KODAI) என்று எழுதிவிட்டார். அதைப் பார்ப்பவர்கள் கோடை என்று படிப்பார்கள். ஓய்வூதியக் காகிதம் தயாரித்த அலுவலகத்தில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும்போது என் பெயரை 'கோடை' என்றே தட்டச்சு செய்துவிட்டார்கள். தமிழாசிரியையின் பெயர், தமிழ்நாட்டிலேயே, தமிழில் தவறாக. அதைத் திருத்த ஏழு மாதம் நடந்தேன். மூன்று இடங்களில் ஒரே கடிதத்தைக் கொடுத்தேன். அந்த நாட்களில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அதனால் நடுவில் 'டி-எச்' போடுங்கள், கே, ஓ, டி, எச், ஏ, ஐ (KODHAI). 'டீ-எச்' போட்டாலும் நம் ஊரில் சரியாகத்தான் படிப்பார்கள். வெளி மாநிலத்தார்தான் 'த'வை அழுத்திச் சொல்வார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கை மூன்றிலும் ஓர் எழுத்தும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதியப் போகும் நாளில் தமிழ்ப் பெயரை ஒரு தாளில் நீங்களே கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். தட்டச்சு செய்பவரிடம் கணினித் திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். 'கோ' நெடிலாக இருக்கிறதா, அடுத்தது 'தை'தானா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வாய்விட்டுப் படித்த பிறகு அச்செடுக்கச் சொல்லுங்கள்.